வெள்ளைத் துண்டில் பழுப்புக் கறை

என் வீட்டுக்கு வந்து, அழுக்கு என்று யாராவது ஒன்றைக் காட்டிவிட்டால் அன்றைக்கே நான் இந்தத் தீவை விட்டுக் கப்பலேறிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் பெரினா வீடு கண்ணாடி மாதிரி இருக்கும் என்பார்கள். எதிர்வீட்டு ஸ்லாவ்கா மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்வாள். அவள் குணம் அப்படி.

இப்பேர்ப்பட்ட என்னிடம், ஒரு ஆளை எப்படிக் குளிப்பாட்டுவது என்று காகிதத்தில் அச்சடித்து நீட்டினால் எனக்கு எப்படி இருக்கும்?

நீட்டியவள் மரியேட்டா. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற எங்கள் தீவு நர்ஸ். மூக்கொழுகிக்கொண்டு என் வாசலில் பிஸ்கோத்து கேட்டு நின்றவள். இப்போது வெள்ளைக் கோட்டும் ஸ்கூட்டருமாக வந்து என் மேஜைமேல் ரோஜா நிறத் திரவம் நிறைந்த ஒரு பாட்டிலை வைத்தாள்.

என் வீட்டுக்காரர் பாஷ்கோவுக்கு வலது முழங்கால் தேய்ந்துபோய் எலும்போடு எலும்பு உரசிக்கொண்டிருந்தது. புது மூட்டு வைக்க, ஸ்ப்ளிட் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்துவிட்டு இருபத்தாறு மாதம் காத்திருந்தோம். முதல் வருஷம் தடியூன்றி நடந்தார். அப்புறம் எங்கள் வீட்டு இருபத்து மூன்று கல்படியையும் இறங்கவே ஆள் தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கூட்டாளிகள் இரண்டு பேர் வந்து, அலமாரியை இறக்குவதுபோல இறக்கி, இரும்புக் குண்டு உருட்டி விளையாடும் திடலுக்குக் கூட்டிப் போவார்கள். அங்கே அவருக்குக் குண்டைத் தொடும் வேலை இல்லை. சிலேட்டில் ஸ்கோர் எழுதுகிற வேலை. முப்பது வருஷம் அந்தத் திடலில் ராஜாவாக இருந்த மனுஷன், கையெல்லாம் சாக்கட்டித் தூளோடு வீட்டுக்கு வருவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

ஒருவழியாகத் தேதி வந்தது. புதன்கிழமை ஆபரேஷன். செவ்வாய் காலைக் கப்பலில் போய் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அதற்கு ஆறு வாரம் முன்பிருந்தே சிகரெட்டைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தொடவில்லை என்று பாஷ்கோவும் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அத்தை, கவனமாக் கேளுங்க. இது சோப்பு இல்ல, மருந்து” என்றாள் மரியேட்டா. “ஞாயிறு சாயங்காலம் ஒரு தடவை, திங்கள் சாயங்காலம் ஒரு தடவை. புதன் காலைல ஆஸ்பத்திரியில அவங்களே பாத்துப்பாங்க. கழுத்துக்குக் கீழ மட்டும்தான். கண்ணு, காது, வாய்ப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. மறைவிடத்துலயும் போடக் கூடாது.”

“அது வேறயா!” என்றார் பாஷ்கோ.

“மாமா, சும்மா இருங்க. மொதல்ல உடம்பை நல்லா நனைச்சுட்டு, தண்ணிய மூடிட்டு, கையால மெதுவாப் பூசணும். அழுத்தித் தேய்க்கவே கூடாது. ரெண்டு நிமிஷம் அப்படியே விட்டுட்டு நல்லா அலசிடணும். அதுக்கப்புறம் வேற சோப்பு போட்டா மருந்தோட வேலை போயிடும். எண்ணெய், கிரீம், பவுடர் எதுவும் கிடையாது. கால்ல இருக்கிற முடியை மழிக்கக் கூடாது. தோல்ல ஒரு கீறல், ஒரு புண்ணு இருந்தாலும் ஆபரேஷனைத் தள்ளி வச்சுடுவாங்க. அரிச்சா, தடிச்சா உடனே அலசிட்டு எனக்கு ஃபோன் பண்ணணும். மிச்சமெல்லாம் இந்தக் காகிதத்துல இருக்கு.”

“ஏண்டி, நான் மூணு பிள்ளைங்களைக் குளிப்பாட்டினவ” என்றேன்.

“அதான் பயமா இருக்கு அத்தை” என்று சிரித்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனாள். நான் காகிதத்தின் முதல் நாலு வரியைப் படித்தேன். அவள் சொன்னதேதான் இருந்தது. மடித்து அலமாரிமேல் வைத்துவிட்டேன்.

ஞாயிறு சாயங்காலம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. குளியல் தொட்டியில் ஒரு முக்காலி போட்டு அவரை உட்காரவைத்தேன். ரோஜா நிறத் திரவத்தைக் கையில் ஊற்றித் தோளிலிருந்து கால்வரை பூசினேன். நுரையே வரவில்லை. நுரை வராத ஒன்று எப்படிச் சுத்தம் செய்யும் என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிஷம் காத்திருந்து அலசிவிட்டேன். ஆஸ்பத்திரிக்கென்றே வாங்கிய புத்தம்புது வெள்ளைத் துண்டால் ஒற்றி எடுத்தேன்.

அந்தத் துண்டை, எங்கள் தீவில் எல்லாப் பெண்களும் எல்லா வெள்ளைத் துணிக்கும் செய்வதுபோல, ப்ளீச் கலந்த தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். நாங்கள் மாவைத் தவிர மற்ற வெள்ளை எல்லாவற்றையும் ப்ளீச்சில் போடுகிறவர்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் வீட்டில் அந்தப் பாட்டில் தீர்ந்ததே கிடையாது.

திங்கள் காலை நல்ல வடகாற்று. துண்டைப் பிழிந்து கொடியில் மாட்டி, கப்பியை இழுத்துச் சந்தின் நடுவுக்குத் தள்ளினேன். எங்கள் சந்தில் கொடியெல்லாம் ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து எதிர்வீட்டுச் சுவர்வரை கப்பியில் ஓடும். நம் துணி ஊர் தலைக்குமேலேதான் காயும்.

வெயில் அதன்மேல் விழுந்ததும் எதிர் ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

“பெரினா! துண்டுலயா காப்பி வடிகட்டினே?”

நிமிர்ந்து பார்த்தேன். என் வெள்ளைத் துண்டில் பழுப்புப் பழுப்பாகத் திட்டுகள். ஒன்றிரண்டு இல்லை, முதுகு துடைத்த இடத்தில் ஒரு திட்டு, கால் துடைத்த இடத்தில் ஒரு திட்டு, ஒரு ஆளையே அதில் அச்செடுத்த மாதிரி. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அத்தனை வேகமாகக் கொடியை இழுத்து உள்ளே போட்டேன். அதற்குள் கீழே மீன் வாங்கிக்கொண்டு போன மூன்று பேர் பார்த்துவிட்டார்கள்.

எனக்கு ஒரே ஒரு விளக்கம்தான் தோன்றியது. அது என்ன நிறம் என்று எனக்குத் தெரியாதா? நாற்பது வருஷம் அவர் விரலிடுக்கிலும் ஜன்னல் திரையிலும் நான் தேய்த்துத் தேய்த்து எடுத்த நிறம் அது.

துண்டைக் கொண்டுபோய்ப் படுக்கைமேல் விரித்தேன். “ஏய்யா மனுஷா, உண்மையைச் சொல்லு. திடலுக்குப் பின்னாடி போய் ஊதினியா இல்லையா?”

பாஷ்கோ அப்போதுதான் கண் விழித்திருந்தார். “எந்தத் திடல்? எந்த ஊதல்?”

“துண்டைப் பாரு. உள்ளே போன புகையிலையெல்லாம் கசிஞ்சு வெளிய வந்திருக்கு.”

“பெரினா, அது துண்டு. கோர்ட் இல்ல.”

“ஊர்ல இருக்கிற அத்தனை அழுக்கையும் உடம்புல வச்சுக்கிட்டு நாளைக்கு டாக்டர் முன்னாடி போய்ப் படுக்கப் போறியா? பெரினா புருஷன் இவ்வளவு அழுக்கான்னு அவரு கேப்பாரே, நான் எங்க போய் முகத்தை வச்சுப்பேன்?”

“காப்பி இருக்கா?” என்றார் பாஷ்கோ.

அவர் அப்படிக் கேட்டதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. காப்பி கொடுத்தேன். காப்பி முடிந்ததும் கையைப் பிடித்துத் தொட்டிக்குக் கூட்டிப் போனேன். சாயங்காலம்தான் அடுத்த முறை என்று காகிதம் சொல்லியிருந்தது. இது அந்த முறை இல்லை, இது என் முறை. நானே காய்ச்சிய ஆலிவ் எண்ணெய் சோப்பையும், குதிகால் தேய்க்கிற பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டேன். கத்தி வைக்கப்போகிற கால் என்பதால் வலது தொடையிலிருந்தே ஆரம்பித்தேன்.

“ஐயோ, தோலு! தோலுடி!”

“தோலு எங்கயும் போகாது. அழுக்குதான் போகும்.”

“நான் என்ன கணவாய் மீனா, உரிக்கிறதுக்கு?”

தொடை முழுக்கச் செக்கச் செவேலென்று ஆன பிறகுதான் நிறுத்தினேன். அந்தச் சிவப்பைப் பார்த்ததும் பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அவர் போட்ட கூச்சல் சந்து முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். ஸ்லாவ்கா தன் கொடியில் ஒரு கூடையைக் கட்டி இழுத்து அனுப்பினாள். உள்ளே ஒரு சின்னப் புட்டி. மலையில் பூக்கிற மஞ்சள் பூவை ஆலிவ் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து எடுக்கிற சிவப்பு எண்ணெய். கொசுக்கடியிலிருந்து மருமகள் தொல்லைவரை எல்லாவற்றுக்கும் எங்களுக்கு அதுதான்.

“தடவி விடுடி! ஒரு மணி நேரத்துல ஆறிடும்!” என்று கத்தினாள்.

நான் மூடியைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றிவிட்டேன். அந்த நேரம் பார்த்துப் படியில் செருப்புச் சத்தம். முதல் குளியல் எப்படி ஆயிற்று என்று பார்க்க மரியேட்டா உள்ளே வந்தாள். என் கையைப் பார்த்தாள், பாஷ்கோவின் காலைப் பார்த்தாள், நாற்காலிமேல் கிடந்த துண்டைப் பார்த்தாள்.

“அத்தை, எண்ணெயைக் கீழ வைங்க” என்றாள். சிரிப்பே இல்லை.

வைத்தேன். வைத்த கையோடு துண்டைத் தூக்கிக் காட்டினேன். “இதைப் பாரு மொதல்ல. இவரு உடம்புலேருந்து வந்தது. இவரு ஊதினதோட லட்சணம்.”

மரியேட்டா துண்டை முகர்ந்து பார்த்தாள். “ப்ளீச்சுல போட்டீங்களா?”

“பின்னே?”

“இந்த மருந்து பட்ட துணியை ப்ளீச்சுல போட்டா பழுப்பாயிடும் அத்தை. நீங்க தலைகீழா நின்னாலும் அந்தக் கறை போகாது. மாமா உடம்புல ஒண்ணும் இல்ல. காகிதத்துக்குப் பின்பக்கம் பெரிய எழுத்துல போட்டிருக்கே, படிக்கலையா?”

“பின்பக்கம் வேற இருக்கா?”

அலமாரிமேலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். இருந்தது. கட்டம் போட்டே எழுதியிருந்தார்கள். எனக்குக் காது இரண்டும் சுட்டது. பாஷ்கோ பக்கம் நான் திரும்பவில்லை.

மரியேட்டா அதற்குள் அவர் காலருகில் குனிந்துவிட்டாள். “இது எப்போலேருந்து மாமா? அரிக்குதா? மூச்சு விடக் கஷ்டமா இருக்கா? உதடு, நாக்கு வீங்கின மாதிரி?”

“அதெல்லாம் இல்லம்மா” என்றார் பாஷ்கோ. அப்புறம் என்னை ஒருதரம் பார்த்தார். “நேத்து மருந்து பூசினதுலேருந்துதான் லேசா எரிச்சல். காலைல பாத்தா இப்படிச் சிவந்து கெடக்கு.”

ஜன்னல் திறந்திருந்தது. எதிரே ஸ்லாவ்கா முழங்கையை ஊன்றி, சினிமா பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் காப்பாற்றத்தான் பாஷ்கோ பொய் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. சரி, மருந்தின் தலையில் போட்டால் யாருக்கு என்ன நஷ்டம், இன்னும் ஒரு நாளில் சிவப்பு போய்விடும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தவள் நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மரியேட்டா ஃபோனை எடுத்தாள். “அப்போ இது அலர்ஜியா இருக்கலாம். ஆஸ்பத்திரிக்குச் சொல்லியே ஆகணும். ஆபரேஷன் அறையிலயும் இதே மருந்துதான் போடுவாங்க. ஒத்துக்காத உடம்புல போட்டா உயிருக்கே ஆபத்து. பரிசோதனை பண்ற வரைக்கும் தேதியை எடுத்துடுவாங்க.”

“எடுத்துட்டா? மறுபடி எப்போ?” என்றேன்.

“தெரியல அத்தை. இந்த வருஷம் நடக்காது.”

பாஷ்கோ தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையால் அதை மெதுவாகத் தடவினார். அப்புறம் நிமிர்ந்து, “பரவால்லம்மா, நீ ஃபோன் போடு. ரெண்டு வருஷம் இருந்தாச்சு, இன்னும் கொஞ்ச நாள் இருக்க மாட்டேனா?” என்றார்.

இந்த மனுஷன், தன் பெண்டாட்டி ஒரு எதிர்வீட்டுக்காரி முன்னால் தலைகுனியக் கூடாது என்பதற்காக ஒரு காலையே விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கிறார். நாற்பத்தொரு வருஷமாக அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன், அவர் இப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியவே இல்லை. மரியேட்டா காதில் ஃபோனை வைத்துவிட்டாள். மறுமுனையில் மணியடிப்பது எனக்கே கேட்டது.

“வைடி ஃபோனை!” என்று கத்தினேன். “அலர்ஜியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! நான்தான் தேய்ச்சேன்! குதிகால் பிரஷ்ஷால, என் சோப்பைப் போட்டு! நேத்து ராத்திரி இந்தக் கால் பால் மாதிரி இருந்துச்சு. அவரு பொய் சொல்றாரு!”

கீழே யாரோ நடந்துபோனவர்கூட நின்றுவிட்டார் போலிருந்தது.

“எந்தப் பிரஷ்ஷு?” என்று ஸ்லாவ்கா கேட்டாள்.

“நீ ஜன்னலை மூடுடி!”

மரியேட்டா ஃபோனை வைக்கவில்லை. மறுமுனையில் வார்டு நர்ஸிடம் நடந்ததை நடந்தபடியே சொன்னாள், பிரஷ்ஷையும் விடவில்லை. அங்கே யாரோ சிரித்ததும் எனக்குக் கேட்டது. கேட்கட்டும். அப்புறம் கைவிளக்கை வைத்துத் தொடையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். தோல் எங்கேயும் கிழியவில்லை. இன்றைக்குச் சாயங்காலம் சிவந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தில் மட்டும் மருந்து பூச வேண்டும், நாளைக்கு டாக்டர் பார்த்துவிட்டு முடிவு சொல்வார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

“டாக்டர் வேண்டாம்னு சொன்னா?” என்றேன்.

“சொன்னா திரும்பி வர வேண்டியதுதான். எண்ணெய் வேணாம், சோப்பு வேணாம், பிரஷ்ஷை என்கிட்ட குடுங்க.”

கொடுத்தேன். பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் காகிதத்தை இரண்டு பக்கமும் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டுத்தான் தொட்டிப் பக்கம் போனேன். தூங்குகிற குழந்தையைத் தொடுவதுபோல அவர் முதுகைத் தொட்டேன். பாஷ்கோ திரும்பிப் பார்த்து, “யாரு இது?” என்றார். ஒரு அடி போடலாம் என்று கை எழுந்தது. தோல் சிவந்துவிடுமே என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய் காலை, கூட்டாளிகள் இருவரும் அவரைப் படியிறக்கிக் கப்பலில் ஏற்றினார்கள். பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலருகே டாக்டர் வுலேட்டிச் வந்தார். ஒல்லியான மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி. தொடையைத் தடவிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார். சிவப்பு முக்கால்வாசி வடிந்திருந்தது.

“பிரஷ் அம்மா நீங்கதானா?” என்றார்.

“நான்தான் டாக்டர். இவரு மேல எந்தத் தப்பும் இல்ல.”

“தோல் முழுசா இருக்கு, பரவாயில்ல. நாளைக்குச் செஞ்சுடலாம்.” காகிதத்தைப் புரட்டினார். “சிகரெட்டை விட்டு ஆறு வாரம் ஆச்சு. அப்படித்தானே?”

“ஆமா டாக்டர். இந்த விஷயத்துல நான் இவரைச் சந்தேகப்பட்டேன், பாவி நான். ஒரு துண்டை நம்பி—”

“மூணு” என்றார் பாஷ்கோ.

டாக்டர் நிமிர்ந்தார். “என்ன மூணு?”

“மூணு சிகரெட்டு. போன ஞாயித்துக்கிழமைக்கு முந்தின ஞாயிறு. திடலுக்குப் பின்னாடி.” என் பக்கம் பார்க்காமலே பேசினார். “சொல்லாமலே இருந்துடலாம்னுதான் பாத்தேன். இவ ஊரே கேக்க ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு உண்மையைச் சொன்னா. அதுக்கப்புறம் நான் எப்படி டாக்டர் பொய் சொல்றது?”

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! பிரஷ் மட்டும் என்னிடம் இருந்திருந்தால் என்ன நடந்திருக்குமோ. டாக்டர் முகத்தைப் பார்த்ததும் கோபம் போய்ப் பயம் வந்தது. அவர் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். எழுந்துபோய் மயக்க மருந்து டாக்டரிடம் பேசினார். கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தில் அறையில் இருந்த ஆறு கட்டிலையும் நான் நாலுதடவை எண்ணிவிட்டேன்.

திரும்பி வந்தவர், “அதுக்கப்புறம் இல்லையே? சத்தியமா?” என்றார்.

“இல்ல டாக்டர்.”

“நல்லவேளை சொன்னீங்க. இனிமே ஒண்ணு தொட்டாலும் காயம் ஆறாது, மூட்டு கெட்டுடும். நாளைக்கு எட்டு மணி.” என்னைப் பார்த்தார். “அம்மா, நாளைக்குக் காலைல எங்க நர்ஸே குளிப்பாட்டுவாங்க. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்.”

அவர் போனதும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். “ஏன்யா ஊதினே? அஞ்சு வாரம் இருந்தவன் எதுக்குய்யா மூணை ஊதினே?”

பாஷ்கோ போர்வையின் நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். “பயமா இருந்துச்சு பெரினா. தூங்க வைப்பாங்களாமே, எழுந்திருக்கலைன்னா என்ன பண்றதுன்னு. யார்கிட்ட சொல்றது? அந்தப் பசங்க சிரிப்பானுங்க.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“நீதான் எதுக்கும் பயப்படாதவளாச்சே.”

“யாரு? நானா?” என்றேன். அதற்குமேல் அடக்க முடியவில்லை, அழுகை வந்துவிட்டது. “எனக்கும் பயம்தான்யா. உன் உடம்புல ஒரு தூசி இருந்து, அது உள்ள போய், உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னுதான் அந்தப் பிரஷ்ஷையே எடுத்தேன்.”

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் மரியாதையாக அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பாஷ்கோ என் கையை எடுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார், அந்தச் சிவந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளியே.

புதன்கிழமை எட்டு மணிக்கு அவரை உள்ளே கொண்டுபோனார்கள். பதினோரு மணிக்கு, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். வியாழக்கிழமை மதியம், இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும் நடைச்சட்டத்தைக் கொடுத்து ஒரு பெண் அவரை எழுப்பி நிறுத்தினாள். நான் ஜன்னலோரம் நின்றிருந்தேன். ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளக் கால் துடித்தது. பிடிக்கக் கூடாதாம், அவரே நடக்க வேண்டுமாம். இந்த முறை சொன்னதைச் சொன்னபடி கேட்டேன்.

“கிட்ட வாயேண்டி, ரெண்டடி” என்றார் பாஷ்கோ. நெற்றியெல்லாம் வியர்வை.

“மாட்டேன். நீ வாய்யா.”

வந்தார்.